மாப்பிள்ளையின் ஆறு கேள்விகளும் எங்கள் தராசுப் பட்டறையும்

பேரன்புக்கும் பெருமதிப்புக்கும் உரிய மாப்பிள்ளை அவர்களுக்கு,

தங்கள் மாமனார் பணிவுடன் எழுதுவது. நாங்கள் இங்கே சௌக்கியம் என்று எழுதத்தான் பேனாவைத் திறந்தேன். திறந்த கையோடு நின்றுவிட்டேன். சௌக்கியமா என்று கேட்பதையே தொழிலாக வைத்திருக்கிற ஒருவரிடம் வெறுமனே சௌக்கியம் என்று சொன்னால், ஒன்றிலிருந்து ஐந்துக்குள் எத்தனை சௌக்கியம் என்று திருப்பிக் கேட்பீர்களோ என்று பயமாக இருக்கிறது. ஆகவே எனக்கு மூன்று, உங்கள் அத்தைக்கு நாலரை என்று வைத்துக்கொள்ளுங்கள். அத்தைக்கு எப்படி நாலரை வந்தது என்பதும் இந்தக் கடிதத்திலேயே வருகிறது. தாங்களும் என் மகளும் அங்கே ஐந்துக்கு ஐந்தாக இருக்க வேண்டும் என்பதே எங்கள் இருவரின் ஆசை.

இதைப் போனில் சொல்லியிருக்கலாமே என்று நினைப்பீர்கள். சொல்லப் பார்த்தேன். உங்கள் எண்ணுக்குப் போட்டால் என் மகள் எடுக்கிறாள். "அப்பா, கையெழுத்துப் போட்டாச்சா?" என்கிறாள். "மாப்பிள்ளை இல்லையாம்மா?" என்றால், "அவர் குளிக்கிறார், போட்டாச்சா இல்லையா, அதைச் சொல்லுங்க" என்கிறாள். மூன்று தடவை போட்டேன், மூன்று தடவையும் நீங்கள் குளித்துக்கொண்டிருந்தீர்கள். அவள் கேட்பதிலும் தப்பில்லை. நாளைக் காலையில் என் அறிக்கை மேனேஜர் மேஜைக்குப் போக வேண்டும். அதில் 'பயன்பாட்டுக்கு ஏற்றது' என்று நான் கையெழுத்துப் போட்டால் எங்கள் நிறுவனத்தின் எல்லாக் கிளைகளுக்கும் உங்கள் கேள்வித்தாளை வாங்குவார்கள். போடாவிட்டால் இல்லை. இருந்த வேலையை விட்டுவிட்டு இதில் இறங்கிய உங்களுக்கு நாங்கள்தான் முதல் வாடிக்கை என்பதும் எனக்குத் தெரியும். அதனால்தான் சுற்றி வளைக்காமல் இப்போதே சொல்லிவிடுகிறேன், மாப்பிள்ளை. உங்கள் கேள்வித்தாள் எங்கள் பட்டறையில் தேறவில்லை. 'பயன்பாட்டுக்கு ஏற்றதல்ல' என்று சிவப்புச் சீட்டு எழுதி வைத்திருக்கிறேன். கோபித்துக்கொள்ளாமல் மேலே படியுங்கள்.

அன்றைக்கு நீங்கள் பட்டறைக்கு வந்து பேசியது உங்களுக்கு ஞாபகம் இருக்கும். தொழிலாளிகள் வேலையில் எவ்வளவு மனசு வைத்திருக்கிறார்கள், எவ்வளவு ஒட்டுதலாக இருக்கிறார்கள் என்பதை அளக்க ஆறே ஆறு கேள்வி போதும், இரண்டு நிமிஷ வேலை, பெயர் எழுத வேண்டாம், வாரா வாரம் நிரப்பினால் போதும் என்று அழகாகச் சொன்னீர்கள். எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது. ஆனால் நீங்கள் 'அளக்க' என்ற ஒரு வார்த்தையைச் சொன்னீர்கள் பாருங்கள், அங்கேதான் வினை பிடித்தது. தராசு ரிப்பேர் பார்க்கிற இடத்தில் வந்து அப்படிச் சொன்னால் எங்கள் ஆட்களுக்குக் கை சும்மா இருக்குமா? கடைத் தராசு பார்க்கிற மெக்கானிக், அவரை நாங்கள் 'சந்தேகம்' என்றுதான் கூப்பிடுவோம், எழுந்து நின்று, "மினிமம் எவ்வளவு, மாக்ஸிமம் எவ்வளவு?" என்று கேட்டார். "ஒன்று முதல் ஐந்து வரை" என்றீர்கள். "அஞ்சுக்கு மேல சந்தோஷம் வந்துட்டா?" என்றார். நீங்கள் சிரித்தீர்கள். பட்டறையில் ஒருத்தரும் சிரிக்கவில்லை. ஏனென்றால் அது நியாயமான கேள்வி. தாங்கும் அளவுக்கு மேல் ஏற்றினால் தராசு உடைந்துபோகும், மனுஷன் என்ன ஆவான் என்று எங்களுக்குத் தெரிய வேண்டாமா?

எங்கள் நிறுவனத்தில் ஒரு பழக்கம் உண்டு. எதையாவது அளக்கிற சாமான் எது வாங்கினாலும், சுவர்க்கடிகாரமே ஆனாலும், பட்டறையில் சோதித்துச் சீட்டு ஒட்டாமல் உள்ளே விடமாட்டோம். பச்சைச் சீட்டு என்றால் நம்பலாம், சிவப்பு என்றால் வந்த வழியே திரும்ப வேண்டியதுதான். மேனேஜர் என்னைக் கூப்பிட்டு, "ஃபோர்மேன், இதுவும் அளக்கிற சாமான்தானே, உங்க பட்டறையிலேயே ஒரு மாசம் ஓட்டிப் பாருங்க. மாப்பிள்ளையாமே? பாத்துப் போடுங்க" என்று கண்ணைச் சிமிட்டினார். அந்தக் கண்சிமிட்டல்தான் என்னைக் கொன்றது. பச்சை ஒட்டினால் மாப்பிள்ளைக்காக ஒட்டினான் என்பார்கள். சிவப்பு ஒட்டினால் வீட்டில் எனக்குச் சோறு கிடையாது. சரி, ஒரு தராசுக்கு என்னென்ன சோதனை உண்டோ அத்தனையும் இதற்கும் செய்துவிடுவோம், அதற்கு மேல் நம் கையில் இல்லை என்று முடிவு செய்தேன். உண்மையைச் சொன்னால் எனக்கே உள்ளுக்குள் ஒரு ஆர்வம். மூட்டை என்றால் தட்டில் வைத்துப் பார்த்துவிடலாம். மனசை எந்தத் தட்டில் வைக்கிறது? இத்தனை வருஷமாக நிறுத்துக்கொண்டே இருந்தும் இந்தக் கேள்வி எனக்குத் தோன்றவே இல்லையே என்று ரெண்டு நாள் தூக்கத்தில்கூட யோசித்தேன்.

முதலில் பூஜ்யம் பார்க்க வேண்டும். தட்டில் ஒன்றுமே இல்லாதபோது முள் பூஜ்யத்தில் நிற்க வேண்டும். அப்படியானால் எங்கள் பட்டறையோடு சம்பந்தமே இல்லாத ஒரு ஆள் நிரப்பினால் கேள்வித்தாள் அடிமட்டத்தைக் காட்ட வேண்டும், இல்லையா? அப்படி ஒரு ஆளுக்கு எங்கே போவது? உங்கள் அத்தை பட்டறைக்குள் காலெடுத்து வைத்ததில்லை. ஆகவே தாளை வீட்டுக்குக் கொண்டுபோய் அவளிடம் கொடுத்து, "சம்பந்தமில்லாத ஆள்ங்கிற முறையில நிரப்பு" என்றேன். கண்ணாடியை மாட்டிக்கொண்டு உட்கார்ந்தாள். முதல் கேள்வி: 'காலையில் வேலைக்குக் கிளம்பும் நேரத்தில் உற்சாகமாக உணர்கிறேன்.' ஐந்து போட்டாள். "இதென்ன அஞ்சு?" என்றேன். "நீங்க கிளம்புற நேரம்தானே? எனக்கு உற்சாகமாத்தான் இருக்கு" என்றாள். 'என் வேலைக்குத் தேவையான கருவிகள் இருக்கின்றன.' அதற்கும் ஐந்து. "வீட்ல இருக்கிற ஸ்க்ரூடிரைவர், குறடு எல்லாம் எங்கேருந்து வந்துச்சு?" என்று கேட்டாள். இந்த ஒரு வரியைத் தாங்கள் மனசோடு வைத்துக்கொள்ளுங்கள். 'கடந்த ஏழு நாட்களில் யாராவது என்னைப் பாராட்டினார்கள்.' அதற்கு, "போன வாரம் உங்க லாரி எடைமேடை மெக்கானிக் வந்து டீ குடிச்சிட்டு இந்த மாதிரி டீ எங்கேயும் கிடைக்காதுன்னார். நீங்க என்னிக்காவது சொல்லியிருக்கீங்களா?" என்று கேட்டுவிட்டு ஐந்து போட்டாள், அதில் எனக்கு ஒரு குத்து. இப்படியே போய் நாலரையில் வந்து நின்றது.

"பூஜ்யம் காட்ட வேண்டிய இடத்துல நாலரை காட்டுதே, தாளே கோளாறு" என்று நான் வாயை விட்டுவிட்டேன். "யாரு பூஜ்யம்?" என்றாள். அவ்வளவுதான். எந்தக் கடைக்காரன் தராசில் எப்போது முள் உடைந்தது, எந்த வருஷம் யாருக்குச் சம்பள உயர்வு வராமல் போனது, மேனேஜர் என்னை என்ன சொல்லித் திட்டினார், அதற்கு நான் என்ன சொல்லியிருக்க வேண்டும், சொல்லாமல் எப்படி வாயைப் பொத்திக்கொண்டு வந்தேன் என்று எல்லாவற்றையும் வரிசையாக எடுத்து வைத்தாள். "தினம் ராத்திரி சாப்பாட்டோட சேர்த்து அந்தப் பட்டறையையும் என் தட்டுல கொட்டிட்டு, இப்ப எனக்குச் சம்பந்தமில்லையாம், நான் பூஜ்யமாம்!" என்று அடுக்களைக்குள் போனவள், மறுநாள்தான் முகம் கொடுத்துப் பேசினாள். இருந்தாலும் சோதனை சோதனைதானே. பூஜ்யம் நிற்கவில்லை என்று குறித்துக்கொண்டேன்.

அடுத்தது மூலைச் சோதனை. நல்ல தராசு என்றால் கல்லைத் தட்டின் நடுவில் வைத்தாலும் மூலையில் வைத்தாலும் ஒரே எடை காட்ட வேண்டும். லாரிகளை நிறுக்கிற எடைமேடைகளைப் பார்த்துக்கொள்கிறவர் ஒருவர் இருக்கிறார், அவரைத்தான் எடைமேடை என்றே கூப்பிடுகிறோம், ஆளும் கிட்டத்தட்ட அந்த சைஸ். அவரிடம் ஒரே நாளில் ஒரே தாளை நாலு இடத்தில் கொடுத்தோம். மேனேஜர் அறையில், மேனேஜருக்கு எதிர் நாற்காலியில் உட்கார்ந்து நிரப்பினபோது ஆறுக்கும் ஐந்து. தன் மேஜையில், சந்தேகம் பக்கத்திலிருந்து எட்டிப் பார்க்க நிரப்பினபோது ஆறுக்கும் மூன்று. கழிவறைப் பக்கத்து நடையில் நின்றுகொண்டு நிரப்பினபோது ரெண்டு. சாயங்காலம் சைக்கிள் நிறுத்துகிற இடத்தில் கொடுத்தோம், தாளை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு வாயால் பதில் சொல்ல ஆரம்பித்தார். இருட்டுகிறவரைக்கும் சொன்னார். அதில் பாதியை நான் இங்கே எழுத முடியாது, எழுதினால் மேனேஜர் வீட்டாரையும் சேர்த்து எழுத வேண்டியிருக்கும். நாலு மூலைக்கு நாலு எடை! கடைக்காரன் இப்படி ஒரு தராசு வைத்திருந்தால் பிடித்து உள்ளே போட்டுவிடுவார்கள்.

இதில் இன்னொன்று. பெயர் எழுத வேண்டாம் என்றீர்கள். எடைமேடை பேனாவை அழுத்துகிற அழுத்தில் குறி தாளைத் தாண்டி மேஜையில் விழுகிறது. பெயர் எதற்கு? சந்தேகமோ ஒவ்வொரு கேள்விக்கும் பக்கத்தில் ஒரு கேள்வி எழுதி வைக்கிறார். 'யாராவது பாராட்டினார்கள்' என்பதற்கு எதிரே, 'எதற்காக, உள்நோக்கம் என்ன?' என்று எழுதியிருந்தார். அந்தத் தாளையும் யார் தாள் என்று கண்டுபிடிக்க ரொம்ப சாமர்த்தியம் தேவைப்படவில்லை.

இத்தனைக்கும் பிறகுகூட நான் மனசைத் தளரவிடவில்லை, மாப்பிள்ளை. பூஜ்யம் கொஞ்சம் தள்ளி நின்றாலும், மூலை கொஞ்சம் ஏறி இறங்கினாலும், அசல் கல்லுக்குச் சரியான எடை காட்டினால் மன்னித்து விடலாம். பெட்டியில் வெல்வெட்டுக்குள் வைத்திருக்கிறோமே, எடை சத்தியமாகத் தெரிந்த கல், அதைத் தட்டில் வைத்துப் பார்ப்பதுதான் கடைசித் தீர்ப்பு. அப்படியானால் வேலையில் எவ்வளவு ஒட்டுதல் என்று சந்தேகத்துக்கு இடமில்லாமல் எல்லோருக்கும் தெரிந்த ஒரு ஆள் வேண்டும். அதற்கு நானே இருக்கிறேனே என்றேன். எல்லோரும் எடைமேடையைத் திரும்பிப் பார்த்தார்கள். அப்புறம் எடைமேடைதான், "சார், தப்பா நினைக்காதீங்க, நீங்க வேணாம்" என்றார். "ஏன்யா?" "மேனேஜர் ரூமுக்குப் போறதுக்கு முன்னாடி ஒரு எடை இருக்கீங்க, வந்ததுக்கு அப்புறம் ஒரு எடை இருக்கீங்க. அசல் கல்லுன்னா மாறக்கூடாதுல்ல சார்." எனக்குச் சுருக்கென்றது. அன்று காலையில்தான் அந்த ரூமுக்குப் போய்விட்டு வந்திருந்தேன்.

அப்போது எல்லோரும் ஒரே குரலில் சொன்ன பேர், கண்ணாடியக்கா. நீங்கள் வந்த அன்று அவரைப் பார்த்திருக்க மாட்டீர்கள். பட்டறைக் கோடியில் ஒரு கண்ணாடி அறை இருக்கிறது. மருந்துக் கம்பெனிக்காரர்களும் நகைக்காரர்களும் அனுப்புகிற நுணுக்கத் தராசுகளை அங்கேதான் சரிபார்ப்பது. மூச்சுக்காற்று பட்டால் முள் ஆடும். ஆகவே கதவு எப்போதும் சாத்தியிருக்கும், ஃபேன் கிடையாது, உள்ளே போய்ப் பேசுவது கிடையாது. சாமானைச் சின்ன ஜன்னலில் வைத்துவிட்டு ஒரு ஸ்விட்சைத் தட்டினால் உள்ளே விளக்கு எரியும், வேலை முடிந்ததும் அவர் அணைப்பார், நாம் போய் எடுத்துக்கொள்ளலாம். அந்த அறையை நான்தான் அவருக்குக் கொடுத்தேன், கைநிதானம் பார்த்து. ஒரு குறை சொன்னதில்லை, ஒரு நாள் லேட்டாக வந்ததில்லை, யாரோடும் ஒரு சண்டை கிடையாது. ஜன்னல் வழியாகப் பார்த்தால் லேசாகச் சிரிப்பார். "எங்களுக்கெல்லாம் தலைக்கு மேல மேனேஜர், காதுக்குப் பக்கத்துல எடைமேடை. அக்காவுக்குத் தனி ரூம், தொல்லை கிடையாது, ராணி மாதிரி" என்று சந்தேகமே, ஆமாம் சந்தேகமே, சந்தேகமில்லாமல் சொன்னார். அக்கா என்றால் ஐந்துக்கு ஐந்து. அதில் ஒருத்தருக்கும் மாற்றுக் கருத்தில்லை.

அசல் கல்லைக் கையால் தொடக் கூடாது, விரல் பட்டால் எடை மாறிவிடும் என்பது எங்கள் பாலபாடம். ஆகவே சோதனை நடக்கிற வாரம் முழுக்க அக்காவிடம் யாரும் பேச்சுக் கொடுக்கக் கூடாது, நம் பேச்சு பட்டு அவர் பதில் மாறிவிடக் கூடாது என்று உத்தரவு போட்டேன். எல்லோரும் ஒழுங்காகக் கடைப்பிடித்தார்கள். தினம் காலையில் ஜன்னலில் தாளை வைத்து விளக்கைப் போட்டோம், அவர் நிரப்பி விளக்கை அணைத்தார். முதல் நாள் தாளைப் பிரித்தால், ஆறில் ஐந்து கேள்விக்கு ஒன்று. கருவிகள் இருக்கின்றனவா என்பதற்கு மட்டும் ஐந்து. அதைப் பார்த்ததும் எடைமேடை சிரித்த சிரிப்பில் கடைத் தராசுகள் எல்லாம் ஆடின. மறுநாளும் அதே. அதற்கடுத்த நாளும் அதே. 'என் கருத்தை இங்கே கேட்கிறார்கள்', ஒன்று. 'மனம்விட்டுப் பேச இங்கே ஒரு ஆள் இருக்கிறார்', ஒன்று. ஐந்து நாளும் குறிகூட ஒரே இடத்தில், ஒரே அளவில். நான் ஜன்னலருகே போய்த் தாளை எடுத்து, உத்தரவையும் மறந்து, "பிரமாதம்மா, அஞ்சும் அச்சடிச்ச மாதிரி ஒரே மாதிரி இருக்கு" என்று பாராட்டிவிட்டு வந்தேன்.

அதாவது, மாப்பிள்ளை, உங்கள் தாள் ஒவ்வொரு தடவையும் ஒரே அளவு தப்புக் காட்டுகிறது. அப்படி ஒரே மாதிரி தப்பினால் அதற்கு எங்களிடம் வைத்தியம் உண்டு. எவ்வளவு குறைவாகக் காட்டுகிறதோ அதைக் கூட்டிக்கொண்டால் போச்சு. சந்தேகம் உட்கார்ந்து ஆறு கேள்விக்கும் சராசரி போட்டு, எல்லோர் தாளிலும் உத்தேசமாக மூன்றைக் கூட்டிக்கொள்ளலாம் என்று சொன்னார். கூட்டினால் எடைமேடைக்கு மேனேஜர் அறையில் எட்டு வருகிறது. ஐந்துக்கு எட்டு! "அவ்வளவெல்லாம் நான் இல்லீங்க சார்" என்று அவரே கையெடுத்துக் கும்பிட்டார். உங்கள் அத்தைக்கு ஏழரை வருகிறது, அதை நான் வீட்டில் சொல்லவே இல்லை. ஆகவே திருத்தவும் வழியில்லை, பச்சை ஒட்டவும் மனசில்லை. மேனேஜரிடம் கொஞ்சம் அவகாசம் கேட்டுப் பார்த்தேன், முடியாது, நாளைக்கே வேண்டும் என்றுவிட்டார்.

நேற்று ராத்திரி உங்கள் அத்தை தட்டை என் முன்னால் வைத்துவிட்டு நின்றுகொண்டே கேட்டாள். "ஊர்ல எத்தனையோ பேர் எத்தனையோ பேப்பர்ல கையெழுத்துப் போடுறான். உங்களுக்கு மட்டும் என்ன?" நான் சோற்றைப் பிசைந்தேன். "அந்தப் பையன் வேலையை விட்டுட்டு நிக்கிறான். பொண்ணு குரலே சரியில்லை. ஒரு கையெழுத்து, அவ்வளவுதான்." தட்டை அப்படியே வைத்துவிட்டு எழுந்து கையைக் கழுவினேன். ஆனால் மாப்பிள்ளை, அசல் கல்லுக்குத் தப்பாகக் காட்டுகிற தராசுக்குப் பச்சைச் சீட்டு ஒட்டின கை என்னுடையது இல்லை. இதை நீங்கள் திமிராக எடுத்துக்கொள்ளக் கூடாது. உங்கள் மேல் எனக்கு மரியாதை இருக்கிறது. நீங்கள் அன்று பேசும்போது வியர்த்துக் கொட்டினதைப் பார்த்தேன், அது பொய்க்காரனுக்கு வருகிற வியர்வை இல்லை என்று எனக்குத் தெரியும். தாளைக் கொஞ்சம் திருத்திக் கொண்டுவாருங்கள். முதலில் அந்த அசல் கல் விஷயத்தைப் பாருங்கள். சந்தோஷமான ஆளிடம் போய் ஒன்று என்று காட்டுகிறதே, அது எந்தக் கேள்வியில் பிசகுகிறது என்று கண்டுபிடித்து எனக்கும் சொல்லுங்கள். நிஜமாகவே தெரிந்துகொள்ள ஆசையாக இருக்கிறது.

ஆட்கள் எல்லோரும் கிளம்பிவிட்டார்கள். பட்டறை மேஜையில் உட்கார்ந்துதான் இதை எழுதுகிறேன். என் மகள் இதைப் படித்துவிட்டு என்னோடு பேசாமல் இருந்தால், கொஞ்ச நாள் விட்டுப் பிடியுங்கள், அவள் அம்மா ரத்தம், ஆறிவிடும். சம்பந்தி இருவருக்கும் என் வணக்கத்தைச் சொல்லுங்கள், ஆனால் எதைப் பற்றிய கடிதம் என்று சொல்லாதீர்கள். நீங்களும் அவளும் நீண்ட ஆயுளோடும், ஒரு மாமனாரால் கெட்டுப்போகாத தொழிலோடும் இருக்க வேண்டும் என்று வாழ்த்துகிறேன்.

இப்படிக்கு,
தங்கள் மேல் அளவில்லாத, ஆகவே அளக்க முடியாத, அன்புள்ள
மாமனார்

பின்குறிப்பு: மேலே எழுதினது எதையும் படிக்காதீர்கள். படித்திருந்தால் மறந்துவிடுங்கள். உறையை ஒட்டப் போகிற நேரத்தில் என் மேஜைக்கு முன்னால் கண்ணாடியக்கா வந்து நின்றார். அவர் இன்னும் கிளம்பவில்லை என்பதே எனக்குத் தெரியாது. "சார், அந்தக் கேள்வித்தாள் அடுத்த வாரமும் வருமா?" என்று கேட்டார். "வராதும்மா, அதுல கோளாறு, நிறுத்தப் போறோம்" என்றேன். "என்ன கோளாறு சார்?" "உங்களுக்கு வச்சுப் பாத்தோம்ல? அஞ்சு தடவையும் ஒண்ணு ஒண்ணா காட்டுது." அவர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார். "அது எங்க சார் காட்டுச்சு? நான்தானே போட்டேன்."

கையிலிருந்த உறையை மேஜையில் வைத்துவிட்டேன், மாப்பிள்ளை. அவரே பேசினார். அவர் குரலை இவ்வளவு நேரம் தொடர்ச்சியாக நான் கேட்டதே இல்லை. "காலைல லைட் எரியும், சாமான் வந்திருக்கும். நான் லைட்டை அணைச்சா எடுத்துட்டுப் போவாங்க. வீட்டுக்குப் போறவரைக்கும் அவ்வளவுதான் சார். அந்த வாரம் என்கிட்ட யாரும் பேசக்கூடாதுன்னு சொல்லியிருந்தீங்களாமே? எடைமேடை அண்ணன் சாயங்காலம் கிளம்புறப்ப சொல்லிச் சிரிச்சிட்டுப் போனார். எனக்கு வித்தியாசமே தெரியலை சார்." கோபமாகச் சொல்லவில்லை. அந்த ஜன்னல் சிரிப்புதான் அப்போதும் முகத்தில் இருந்தது. அதைத்தான் நான் இத்தனை நாளாகச் சந்தோஷம் என்று நிறுத்து வைத்திருந்தேன். "அந்தப் பேப்பர் ஒண்ணுதான் சார் என்னை ஏதாவது கேட்டுச்சு. அதான் இன்னொரு தடவை வருமான்னு கேட்டேன். வந்தாலும் நான் இருக்க மாட்டேன்னு வைங்க. கடைத்தெருவுல ஒரு துணிக்கடையில கவுண்டருக்கு ஆள் கேட்டாங்க, மாசக் கடைசில வரேன்னு சொல்லிட்டேன்" என்றார். "துணிக்கடையா? ஒரு தூசியை நிறுக்கிற கைம்மா உங்க கை!" என்று கத்திவிட்டேன். "அங்க நாள் முழுக்க ஜனங்க பேசிட்டே இருப்பாங்க சார்" என்றார்.

சிவப்புச் சீட்டைக் கிழித்தாயிற்று. பச்சைச் சீட்டில் கையெழுத்துப் போட்டுவிட்டேன், மாப்பிள்ளைக்காக இல்லை, உங்கள் தாள் சரியாகத்தான் காட்டியது. எங்கள் கல்லைத்தான் நாங்கள் ஒரு நாளும் சோதிக்கவில்லை. அறிக்கையில் அக்காவின் ஐந்து தாளையும் கூட்டாமல் குறைக்காமல் அப்படியே வைத்திருக்கிறேன். ஃபோர்மேன் பிரிவில் இப்படி ஒரு ஒன்று ஏன் என்று மேனேஜர் என்னைத்தான் கூப்பிடுவார், கூப்பிடட்டும், சொல்லிக்கொள்கிறேன். என் மகளிடம் போட்டாச்சு என்று சொல்லிவிடுங்கள், எதற்காகப் போட்டேன் என்பதை மட்டும் நானே நேரில் வந்து சொல்கிறேன். இப்போது அவசரம். அக்கா தராசுகளுக்கு உறை போட்டுவிட்டு அறையைப் பூட்டிக்கொண்டிருக்கிறார். அவர் தெருவில் இறங்குவதற்குள் ஓடிப்போய், போகாமல் இருக்க நாங்கள் என்ன செய்ய வேண்டும் என்று கேட்க வேண்டும்.